செல்லக்கண்ணுவும் மூன்றாவது அழைப்பும்

சிங்கப்பூர் ஆற்றங்கரையையும் தஞ்சோங் பகார் ரயில்நிலையத்தின் பின்புறத்தையும் புதுப்பிப்பது என்று மேலிடத்தில் முடிவானபோது, யாரும் செல்லக்கண்ணுவைக் கலந்தாலோசிக்கவில்லை. அதை ஒரு குறையாக அவர் சொன்னதில்லை. கேட்டிருந்தாலும், "எனக்கென்னங்க தெரியும், நீங்களே பார்த்துச் செய்யுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். அதுவும் முதல் தடவை கேட்டதற்குத்தான். இன்னும் இரண்டு தடவை வற்புறுத்திக் கேட்டிருந்தால் அவரிடமும் சில யோசனைகள் இருந்தன.

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிறந்த இடத்தில் ஆரம்பிப்பார்கள். செல்லக்கண்ணுவைப் பொறுத்தவரை அவர் உட்கார்ந்த இடத்தில் ஆரம்பிப்பதே பொருத்தம். ஆற்றங்கரையில் வரிசையாக நின்ற சரக்குக் கிட்டங்கிகளில் ஒன்றின் வாசலில், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல், அவர் ஏறத்தாழ இருபது வருடம் உட்கார்ந்திருந்தார். கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். தொங்கான் என்னும் பெரும் படகுகள் அவற்றிலிருந்து அரிசி, சீனி, கொப்பரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் வரும். சுமப்பவர்கள் கொக்கியால் குத்தி இழுத்து மூட்டையை முதுகில் ஏற்றுவார்கள். கொக்கி குத்திய இடத்தில் சாக்கு கிழியும். கிழிந்த மூட்டை செல்லக்கண்ணுவின் முன்னால் வந்து விழும். அவர் கோணி ஊசியால் நாலு தையல் போட்டு அனுப்புவார். தீவில் உள்ளவர்கள் தின்ற அரிசியில் கணிசமான பங்கு அவரால் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது. இதற்காக எந்த விழாவிலும் அவருக்கு யாரும் மாலை போட்டதாகத் தகவல் இல்லை.

சணல் நூலை வாயில் கவ்விக்கொண்டு தைப்பது அந்த வேலையின் முறை. அதனால் பகல் முழுவதும் அவர் பேச வேண்டியிருக்கவில்லை. மாலையில் நூலை எடுத்த பிறகும் பேசுவதற்கு ஆள் இருக்கவில்லை. ஆக, இழப்பு ஒன்றுமில்லை.

பதினேழு வயதில் தாய்மாமனோடு கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் மாமனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பாதை வந்தது. மாமன் வரவில்லை. போர் முடிந்ததும் செல்லக்கண்ணு ரயில்நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியேறினார். அங்கே ஏன் என்று கேட்டவர்களிடம், வாடகை குறைவு என்றார். வடக்கேயிருந்து மெயில் ரயில் வரும் நேரத்தில் தினமும் வாசலில் வந்து நிற்பாரே, அது ஏன் என்று கேட்டதற்கு, காற்று வாங்க என்றார்.

அவருடைய வீடு பலகை அடித்துப் பல கூறு போட்ட பழைய கடைவீடு. அதில் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோணம் அவருடையது. நிமிர்ந்து நிற்க முடியாது, ஆனால் நிமிர்ந்து நிற்கவேண்டிய விவகாரம் எதுவும் அவர் வாழ்க்கையில் இல்லை. முன்கூறில் பரமசிவம் குடும்பம். பரமசிவம் ரயில்நிலையத்தில் பெட்டி தூக்குபவர். மனைவி பூவம்மா, பள்ளிக்கூடம் போகும் மகள் கண்மணி. சந்திலேயே செல்லக்கண்ணுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குடும்பம் இது ஒன்றுதான். மற்றவர்களுக்கு அவர் 'படிக்கட்டு'.

இந்த இடத்தில் செல்லக்கண்ணு கடைப்பிடித்த ஒரு சட்டத்தை விளக்கியாக வேண்டும். இது தெரியாவிட்டால் அவருக்கு நேர்ந்தது எதுவும் விளங்காது.

யாராவது ஒன்றைக் கொடுத்தால், கூப்பிட்டால், உபசரித்தால், முதல் தடவை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டும், கொஞ்சம் காரணத்தோடு. மூன்றாவது தடவை கேட்டால் ஏற்றுக்கொள்ளலாம். முதல் கேள்வி மரியாதைக்கு, இரண்டாவது மனசைப் பார்ப்பதற்கு, மூன்றாவதுதான் சோற்றுக்கு. இது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் நம்மவர்களில் இதை அறியாதவர் யார்? மற்றவர்கள் பசி வந்தால் கொஞ்சம் தளர்த்திக்கொள்வார்கள். செல்லக்கண்ணு தளர்த்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பூவம்மா பலகைத் தடுப்பைத் தட்டுவாள்.

"அண்ணே, சாப்பிட வாங்க."

"இப்பத்தான் தங்கச்சி சாப்பிட்டேன்." காலையிலிருந்து அவர் வயிற்றுக்குள் போனது பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ.

"என்னத்தச் சாப்பிட்டீங்க? அடுப்புச் சத்தமே கேக்கல. வாங்கண்ணே."

"வயிறு ஒரு மாதிரியா இருக்கும்மா. நீங்க சாப்பிடுங்க."

"மீன் கொழம்பு. ஆறிப்போவுது. இப்ப வர்றீங்களா, நான் தட்ட அங்க கொண்டாந்து வைக்கட்டா?"

"அட, அவ்வளவு தூரம் சொல்றப்ப..." என்று எழுந்து வருவார். பிறகு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிடுவார். பரமசிவம் பார்த்துவிட்டு, "வயிறு ஒரு மாதிரியா இருக்கறப்பவே இப்படின்னா, நல்லா இருந்தா நம்ம கதி என்னண்ணே" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். செல்லக்கண்ணுவும் சிரிப்பார். வாரத்தில் அவர் சிரிக்கும் நேரம் அது.

இந்தச் சட்டத்தால் அவருக்கு முன்பே ஒரு சேதம் ஏற்பட்டிருந்தது. ஐம்பதுகளின் ஆரம்பத்தில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த ஒருவர், பெயர் துரைசாமி, தன் மகள் அன்னம்மாளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டு ஆற்றங்கரைக்கே வந்தார். செல்லக்கண்ணு வாயிலிருந்து நூலை எடுத்து, "எனக்கு எதுக்குங்க இப்பக் கல்யாணம்" என்றார். துரைசாமி இன்னொரு ஞாயிறு வந்து கேட்டார். "ரெண்டு வருசம் போகட்டுமேங்க" என்றார் செல்லக்கண்ணு, தலையைக் குனிந்தபடி, மனசு முழுக்கச் சம்மதத்துடன். துரைசாமி வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்தவர். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று எடுத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் அவருக்குத் தொற்றியிருந்தது. அன்னம்மாளை ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் செல்லக்கண்ணுதான் சாம்பார் வாளி தூக்கினார். போதும் என்று கையால் மறித்தவர்களுக்குக்கூட இன்னும் இரண்டு தடவை கேட்டு ஊற்றினார்.

ரயில்நிலையத்தின் முகப்பில் நான்கு பெரிய வெள்ளைக்கல் உருவங்கள் நிற்கின்றன. விவசாயம், வணிகம், தொழில், போக்குவரத்து என்று ஆளுக்கொரு துறை. வேலை முடிந்து வரும்போது செல்லக்கண்ணு அவர்களை நிமிர்ந்து பார்ப்பார். நால்வரும் ஒண்டிக்கட்டைகள். ஆனால் கல்லால் ஆனவர்கள் என்பதால் அவர்களை யாரும் கிளப்பவில்லை. போதாக்குறைக்கு, 1965இல் நாடு மலேசியாவிலிருந்து தனியாகப் பிரிந்த பிறகு, ரயில் ஒரு நாட்டுக்கும் அதன் பின்னால் இருந்த சந்து இன்னொரு நாட்டுக்கும் என்று ஆகிவிட்டது. உருவங்களுக்கு ஒரு சட்டம், செல்லக்கண்ணுவுக்கு வேறு சட்டம்.

அதற்கு அடுத்த வருடம் ஒரு இளைஞன் வந்தான். மடிப்புக் கலையாத காற்சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. நம்ம பையன்தான், தமிழ் பேசினான். சந்து முழுவதையும் இடித்துவிட்டு உயரமான கட்டடங்கள் கட்டப்போவதாகவும், எல்லாருக்கும் தோ பாயோ, குவீன்ஸ்டவுன் பக்கம் புது அடுக்குமாடி வீடு கிடைக்கும் என்றும் சொன்னான். வீடு வீடாக ஆள் எண்ணிக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே வந்து குனிந்தான்.

"அங்கிள், உங்க பேமிலில எத்தன பேரு?"

"ஒருத்தர்."

"உங்களயும் சேத்தா?"

"என்னய மட்டும் சேத்துத்தான்."

இளைஞன் பேனாவை மூடினான். அவன் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "அப்ப அது பேமிலி இல்ல லா, அங்கிள். தனி ஆளுக்கு பிளாட் கொடுக்க ரூல் இல்ல. யாராச்சும் பேமிலியோட சேர்ந்து போறதா இருந்தா உங்க பேரையும் அவங்களோட போட்டுக்கலாம். இல்லாட்டி நீங்களே எங்கயாச்சும் ரூம் பாத்துக்கணும்."

"சரிங்க தம்பி."

"யாராச்சும் இருக்காங்களா?"

செல்லக்கண்ணு முன்கூறுப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றார். "பாக்கலாம்" என்றார்.

ஆகவே அவர் நிலைமை இதுதான்: ஒரு குடும்பம் அவரை அழைக்க வேண்டும், அதுவும் மூன்று தடவை. அவர் வாய்விட்டுக் கேட்பது என்பது நடக்காத காரியம். ஐம்பது வயதுவரை அவர் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. கடையில் சாமான் வாங்கும்போதுகூட, கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்கும்வரை நிற்பார்.

முதல் அழைப்பு விரைவிலேயே வந்தது. பின்கட்டுக் குழாயடியில் பரமசிவம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்களுக்குத் தோ பாயோல ஹாலோட சேத்து மூணு ரூம் வீடு சொல்லியிருக்காங்க. ஏழாவது மாடி. நீங்களும் எங்களோட வந்துடுங்களேன்."

"சேச்சே. குடும்பம் இருக்கற எடத்துல நான் எதுக்குப்பா தொந்தரவா. எங்கயாச்சும் பாத்துக்குறேன்."

"இதுல என்னண்ணே தொந்தரவு" என்று பரமசிவம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். செல்லக்கண்ணு அன்று நிம்மதியாகத் தூங்கினார். முதலாவது முடிந்தது. காரியம் முறைப்படி நடக்கிறது.

அடுத்த ஓய்வு நாளில் அவர் யாரிடமும் சொல்லாமல் தோ பாயோவுக்கு பஸ் ஏறினார். எங்கு பார்த்தாலும் செம்மண் சேறு. அதன் நடுவே கட்டடங்கள், பாதி முடிந்தும் முடியாமலும். முடிந்துபோன ஒன்றில் அவர் ஏழாவது மாடிவரை படியேறிப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். இவ்வளவு வானத்தை ஒரே இடத்தில் அவர் பார்த்ததில்லை. படிக்கட்டுக்குக் கீழே வாழ்ந்தவருக்கு அது சற்று அளவுக்கு மீறிய ஏற்பாடாகத் தோன்றியது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. காவல்காரன் வந்து விரட்டும்வரை நின்றார். திரும்பும் வழியில் தேக்கா சந்தையில் இறங்கி ஒரு தலையணை வாங்கினார். அதுவரை சாக்கைச் சுருட்டித்தான் தலைக்கு வைத்துக்கொண்டிருந்தார். அடுக்குமாடி வீட்டுக்குச் சாக்கோடு போனால் பூவம்மாவை நாலு பேர் என்ன நினைப்பார்கள்?

இரண்டாவது அழைப்பு பூவம்மாவிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்து அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அவரு கேட்டாராமே. என்ன யோசிச்சீங்க? ஒரு ரூம்ப நீங்க வச்சுக்குங்க. கண்மணி எங்களோட படுத்துக்கும். நீங்க வந்தா எனக்கும் ஒரு தெம்பு. அவரு பாதி நேரம் ஸ்டேசன்லயே கெடக்குறாரு."

இது வெறும் உபசாரம் இல்லை என்று செல்லக்கண்ணுவுக்குப் புரிந்தது. ஆனால் இது இரண்டாவது. இரண்டாவதுக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும், அதுவும் அழைப்பின் தரத்துக்கு ஏற்ற காரணமாக. இவ்வளவு அன்பான அழைப்புக்கு வயிறு ஒரு மாதிரி என்றெல்லாம் சொன்னால் அது மரியாதை இல்லை.

"எனக்கு உசரம் ஒத்துக்காது தங்கச்சி."

"உசரமா?"

"ஏழாவது மாடியெல்லாம் நெனச்சாலே தல கிறுகிறுங்குது. அன்னக்கிக் கிட்டங்கி மாடில ஒரு மூட்டயப் பாக்கப் போனேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு. ரெண்டு பேரு தூக்கிக்கிட்டுதான் எறக்குனாங்க. ஆஸ்பத்திரில பெரிய டாக்டர் சொல்லிட்டாரு, தரையோட இருக்கறதுதான் உனக்கு நல்லதுன்னு."

கண்மணி பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "மாமா, போன மழைக்கு நீங்கதானே கூர மேல ஏறி ஓட்ட அடச்சீங்க?"

"அன்னக்கித்தாம்மா ஆரம்பிச்சுது" என்றார் செல்லக்கண்ணு, கண் இமைக்காமல்.

சரித்திரத்தில் சில பேச்சுகள் தேவைக்கு மேல் நன்றாக அமைந்துவிடுகின்றன. அவர் வாழ்நாளில் சொன்ன மறுப்புகளிலேயே இதுதான் மிகச் சிறந்தது. சம்பவம் இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், டாக்டரும் இருந்தார். பூவம்மா அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது. "இத்தன நாளா ஒரு வார்த்த சொல்லலயேண்ணே" என்றாள். அவர் பெருமிதத்துடன் தன் முக்கோணத்துக்குப் போய்ப் புதுத் தலையணையில் படுத்தார்.

பிறகு மூன்றாவதுக்குக் காத்திருந்தார்.

அது வருவதற்கு வேண்டிய வசதிகளை எல்லாம் செய்துகொடுத்தார் என்றே சொல்ல வேண்டும். குழாயடியில் பரமசிவம் இருக்கும்போது போய் வாளியை மெதுவாக நிரப்பினார். பூவம்மா காதில் விழும்படி பெருமூச்சு விட்டார். ஒருநாள் துணிந்து, "ஏழாவது மாடின்னா காத்து நல்லா வரும்ல" என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பூவம்மா பதறி, "நீங்க அதயெல்லாம் நெனக்காதீங்கண்ணே, தல சுத்தப்போவுது" என்று ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சந்து மெல்ல மெல்லக் காலியாகிக்கொண்டிருந்தது. முனையில் டீக்கடை வைத்திருந்த இப்ராஹீம் குவீன்ஸ்டவுனுக்குப் போனார். "அந்தப் பக்கம் வந்தா வாங்க பாய், டீ குடிக்கலாம்" என்றார். செல்லக்கண்ணு பாய் இல்லை. இப்ராஹீம் அவசரத்தில் எல்லாரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு போனார். காலியான வீடுகளில் ஜன்னல்கள் காற்றில் அடித்துக்கொண்டன. முன்பெல்லாம் ரயில் போகும்போது பலகைச் சுவர்கள் அதிர, குழந்தைகள் கத்த, யாராவது யாரையாவது திட்டுவார்கள். இப்போது ரயிலின் சத்தம் மட்டும் தனியாக வந்து தனியாகப் போனது.

வீடு மாறும் நாளும் வந்தது. லாரி வந்து நின்றது. செல்லக்கண்ணு வேலைக்குப் போகவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் போட்டு அவரே தைத்துக் கட்டினார். அலமாரியை ஒரு பக்கம் தானும் மறுபக்கம் பரமசிவமும் பிடித்து ஏற்றினார்கள். அவருடைய சாமான்கள் எல்லாம் படிக்கட்டுக்குக் கீழே ஒரு தகரப்பெட்டியும் தலையணையுமாக ஏற்கெனவே தயாராக இருந்தன. ஐந்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம்.

பூவம்மா முன்னிருக்கையில் ஏறுவதற்கு முன் அவரைப் பார்த்து நின்றாள். "ஒடம்பப் பாத்துக்கங்கண்ணே. மாடிப் படியெல்லாம் ஏறாதீங்க" என்றாள். கண்மணி கையை ஆட்டினாள். பரமசிவம் பின்பக்கம் சாமான்களோடு ஏறி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, செல்லக்கண்ணுவைப் பார்த்தார்.

"அண்ணே" என்றார்.

செல்லக்கண்ணு ஓரடி முன்னால் வந்தார். இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. பதிலும் தயாராக இருந்தது: அட, அவ்வளவு தூரம் சொல்றப்ப.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவன் சீனன். அன்றைக்கு அவனுக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. தலையை வெளியே நீட்டி, "செப்பாட் லா" என்று மலாயில் அவசரப்படுத்தினான். மறுபடி ஹாரன்.

பரமசிவம் வாயைத் திறந்தார், மூடினார். "வர்றோம்ண்ணே" என்றார்.

"சரிப்பா" என்றார் செல்லக்கண்ணு.

லாரி போன பிறகு அவர் முன்கூறுக்குள் போனார். அடுப்பு இருந்த இடத்தில் சுவர் கறுத்திருந்தது. அங்கே வெறுந்தரையில் உட்கார்ந்தார். எதற்காக உட்கார்ந்தார் என்று தெரியவில்லை. ஒருவேளை லாரி எதையாவது மறந்துவிட்டுத் திரும்பி வரக்கூடும் என்று நினைத்திருக்கலாம். வடக்கேயிருந்து வரும் மெயில் வந்தது. அன்று அவர் வாசலுக்குப் போகவில்லை.

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மாடியில் அவருக்கு இடம் கிடைத்தது. ஒரே அறையில் ஆறு பேர், ஆறு பாய். எல்லாரும் வேறு வேறு நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவர் வரும்போது இன்னொருவர் தூங்குவார். யாரும் யாரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. முதல் சில வாரம் இது செல்லக்கண்ணுவுக்கு வசதியாகவே இருந்தது. மறுக்கவேண்டிய சிரமமே இல்லை. கீழே சந்தையில் விடிகாலையிலேயே கூச்சல் ஆரம்பித்துவிடும். நூற்றுக்கணக்கான பேர் பேசுவார்கள். அத்தனை பேச்சில் ஒன்றுகூட அவரிடம் பேசியது இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவர் பாயில் படுத்து, தலையணை கனமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். காலையில் மறுபடி ஆற்றங்கரைக்கு நடப்பார். ஊரை எவ்வளவு புதுப்பித்தாலும் சாக்கு கிழிவது நிற்கவில்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால் பரமசிவம் ஆற்றங்கரைக்கே வந்து நின்றார். "தீபாவளிக்கு வீட்டுக்கு வரணும்ண்ணே. லிப்ட் இருக்கு. கண்ண மூடிக்கிட்டு வந்துடுங்க. வராட்டி பூவம்மா இங்க வந்து உங்கள இழுத்துக்கிட்டுப் போயிடுவா. வர்றீங்க." மூன்றையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டுப் போனார். செல்லக்கண்ணு வாயிலிருந்து நூலை எடுக்கக்கூட நேரமில்லை.

பஸ்ஸில் போகும்போது ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சிறிய வாக்கியம். ஆனால் அதற்கு முன்னால் அப்படி ஒன்றை அவர் சொன்னதில்லை. ஆறு பேர் அறையில் ஆறு மாதம் படுத்து எழுந்ததில் அது எப்படியோ உருவாகியிருந்தது. மடியில் ஒரு காகிதப் பை முறுக்கு. பையின் வாயைத் திருகித் திருகி அது கிழிந்தேவிட்டது. அந்த ஒரு கிழிசலை மட்டும் அவரால் தைக்க முடியவில்லை.

வீடு பளிச்சென்று இருந்தது. பூவம்மா புதுப் புடவையோடு வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஜன்னலுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்காரப் போனவரைத் தடுத்தாள்.

"அங்க வேண்டாம்ண்ணே, வெளிய தெரியும். இந்தச் செவத்துப் பக்கமா உக்காருங்க. கண்மணி, தெரைய இழுத்து விடு."

திரை இழுக்கப்பட்டது. வானம் போனது. செல்லக்கண்ணு சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பு சாப்பிட்டார். பரமசிவம் வழக்கமான கேலிகளைச் செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியபோது, தட்டைப் பார்த்தபடியே செல்லக்கண்ணு சொன்னார்:

"அந்த ரூம்புல நான் வந்து இருந்துக்கட்டுமா?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் பூவம்மா கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. வாட்டசாட்டமான ஒரு பையன் தலையைச் சீவிக்கொண்டே வந்தான். "அக்கா, எனக்குக் கறி மிச்சம் இருக்கா?"

"எந்தம்பி" என்றாள் பூவம்மா, மெல்லிய குரலில். "முத்தழகு. குளுவாங்குலேருந்து வந்திருக்கான். ஜூரோங்ல பேக்டரி வேல. போன மாசம்தான்... ரூம்பு சும்மாக் கெடக்குதேன்னு வந்து இருடான்னேன். கேட்ட ஒடனே சரின்னுட்டான்."

கேட்ட உடனே சரி என்று சொல்லும் இளைஞர்கள் ஒரு புதிய நாட்டுக்கு எவ்வளவு அவசியம் என்பதை மறுக்க முடியாது. முத்தழகு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாரும் அவனைச் சாப்பிடச் சொல்லவில்லை. அவனே போட்டுக்கொண்டான்.

"ஏண்ணே," என்றார் பரமசிவம். அவர் குரலில் கோபம் இருந்தது, அது யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன? நாங்க கேட்டமே."

"ரெண்டு தடவதான்பா கேட்டீங்க."

பரமசிவம் தட்டைத் தள்ளி வைத்தார். அவரும் அதே சட்டத்தில் வளர்ந்தவர்தான். எத்தனை தடவை கேட்டோம் என்பது அவருக்கும் தெரியும்.

"அப்ப அந்தத் தல சுத்து?" என்றாள் கண்மணி.

"சும்மா இரு" என்றாள் பூவம்மா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். முத்தழகு சாப்பிடுவதை நிறுத்தி, "நான் வேணா வேற எடம் பாத்துக்கட்டாக்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டான். நல்ல பையன்தான்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம் தம்பி" என்று செல்லக்கண்ணு முந்திக்கொண்டார். "எனக்கு அங்க நல்ல வசதி. சந்த பக்கத்துல. ஆளுங்க எல்லாம் நல்ல ஆளுங்க. சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

அவர் கிளம்பும்போது பரமசிவமும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே வந்தார். பஸ் நிறுத்தத்தில் புதிதாக நட்ட மரக்கன்று ஒன்று குச்சியில் கட்டப்பட்டு நின்றது. அதற்கு நிழல் வர இன்னும் காலமாகும். இருவரும் வெயிலிலேயே நின்றார்கள்.

ஒரு பஸ் வந்தது. "கூட்டமா இருக்கு, அடுத்ததுல போங்க" என்றார் பரமசிவம். அடுத்தது காலியாக வந்தது. "இது சுத்திக்கிட்டுப் போகும்ண்ணே" என்றார். மூன்றாவது பஸ் வந்தபோது அவர் எந்தக் காரணமும் சொல்லவில்லை. இருவரும் கையைத் தூக்கவில்லை. பஸ் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது.

"நான் அன்னக்கி லாரில வச்சுக் கேக்கணும்னுதான் இருந்தேன்."

"தெரியும்பா."

"ஹாரன அடிச்சுட்டான்."

"அவன் அவசரம் அவனுக்கு."

வெயில் சாய்ந்தது. எதிர்ப்புறத்துக் கட்டடங்களில் பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்த ஆரம்பித்தார்கள். பரமசிவம் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வாய் ஒருமுறை அசைந்தது. ஆனால் இப்போது கேட்பதற்கு அவரிடம் அறை இல்லை.

அடுத்த பஸ்ஸைச் செல்லக்கண்ணுவே கையை நீட்டி நிறுத்தினார். ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, ஏழாவது மாடியைத் தேடினார். எல்லாக் கட்டடத்திலும் ஏழாவது மாடி இருந்தது. எல்லா ஏழாவது மாடியிலும் ஜன்னல்கள் இருந்தன. திரை போட்ட ஜன்னல் ஒன்றைப் பார்த்து அதுதான் என்று நினைத்தார். பிறகு அதற்குப் பக்கத்திலும் ஒரு திரை தெரிந்தது, அதற்கடுத்த வீட்டிலும். பஸ் வளைவில் திரும்பும்வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.